பூண்டு இருமல் என்றார்கள்

என் ரத்தம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் உறைபெட்டிக்குள் இருக்கிறது. சின்னச் சின்னக் குழாய்களில், என் பேர் இல்லாமல், ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கதிர்வீச்சு என் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டிருந்த விஷயம் எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அந்தக் குழாய்களுக்குத் தெரிந்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. "போனது போச்சு, விடுங்க டீச்சர்" என்று சொன்னவர்களிடம் எல்லாம் சண்டை போட்டு முடித்துவிட்டேன். இனி எழுதுவதுதான் பாக்கி.

நான் கொடைக்கானலுக்கு மேலே மேல்மலையில் இருக்கிற கிளாவரையில் வாழ்க்கைப்பட்டவள். பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். வலது மார்பில் கட்டி வந்தது, மதுரைக்குப் போனோம், அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. அதையெல்லாம் விஸ்தாரமாக எழுதப்போவதில்லை. அந்தக் கதையை எழுதப் பல பேர் இருக்கிறார்கள். எல்லாரும் கடைசியில், வாழ்க்கையின் அருமை தெரிந்தது என்று முடிக்கிறார்கள். எனக்கு வாழ்க்கையின் அருமை முன்பே நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கட்டி தேவைப்படவில்லை.

முடி மறுபடி பூனை மயிர் மாதிரி முளைக்கத் தொடங்கியபோது கரண்டு வைத்தார்கள். எழுதும்போது கதிர்வீச்சு என்று எழுதுகிறோம். ஆஸ்பத்திரியில் எங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கரண்டு முடிஞ்சிருச்சா?", "இன்னைக்குக் கரண்டு மிஷின் ரிப்பேராம்", இப்படித்தான் பேச்சு. தினமும் போய்ப் படுக்க வேண்டும். ஒன்றும் வலிக்காது. மேலே ஒரு பெரிய தலை சுற்றி வந்து நிற்கும், உறுமும், அடங்கும். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வந்துவிடலாம். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் என் தங்கச்சி, கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் என்னோடு தங்கியிருந்தாள்.

அங்கேதான் அந்த ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தேன். கரண்டு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்து, வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ரத்தம் தர முடியுமா என்று கேட்டாள். படிக்கிற பெண். கண்ணாடி போட்டிருந்தாள். பேச்சில் மரியாதை இருந்தது. எதற்கு என்று கேட்டேன். கேட்டது நான் ஒருத்திதான் என்பதாலோ என்னவோ, பக்கத்தில் உட்கார்ந்து உற்சாகமாகச் சொன்னாள்.

"கரண்டு மார்புக்குத்தாம்மா வைக்கிறோம். ஆனா அதுக்குப் பின்னால நுரையீரல் இருக்குல்ல, அதுலயும் ஓரமாக் கொஞ்சம் படும். பட்ட எடத்துல செல்லுங்க அடிவாங்கும். அடிவாங்கின செல்லு சாப்புடுற விதமே மாறிரும். சர்க்கரை, கொழுப்பு, புரதத்தோட துண்டு துணுக்கு, இதையெல்லாம் முன்ன மாதிரி செலவழிக்காது. அந்த மிச்சம் மீதியெல்லாம் ரத்தத்துல கலக்கும். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாத நேரத்துலயே ரத்தத்துல தெரியுதான்னு பாக்குறோம்."

அடுப்பங்கரைக்குப் போகாமலே, வருகிற வாடையை வைத்துப் பால் அடிப்பிடிப்பதைத் தெரிந்துகொள்கிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதை நல்ல காரியம் என்றுதான் சொல்வேன்.

"அப்ப என் நுரையீரலுக்கு ஏதாச்சும் ஆகுமா?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கமாகப் போன டாக்டர் நின்றார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. இது ஆராய்ச்சிக்கு. நீங்க தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். என் கையை நீட்டினேன். அப்புறம் வாராவாரம் நீட்டினேன். நரம்பு கிடைக்காமல் அவள் தட்டித் தட்டித் தேடும்போது நானே முஷ்டியை மடக்கிக் கொடுத்தேன். பீடி சிகரெட் பழக்கம் உண்டா, வீட்டில் யாராவது பிடிக்கிறார்களா, விறகடுப்பா கேஸா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். இல்லை, இல்லை, கேஸ் என்றேன். எல்லாம் உண்மைதான்.

இருமல் என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை. கரண்டு முடிந்து வீட்டுக்குப் போய், எல்லாம் தீர்ந்தது என்று சோலியைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, சில மாதம் கழித்துக்கூட இருமல் வரலாம், வந்தால் உடனே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது அதைச் சொல்ல. கடைசி நாள் எனக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? கரண்டு பட்ட இடத்தில் சோப்புப் போடாதீர்கள் என்றார்கள்.

நான் ஊர் திரும்பியபோது பூண்டு வீட்டுக்கு வந்திருந்தது.

மேல்மலைக்கு வராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பூண்டைப் பிடுங்கிக் காயவைத்ததும் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, வீட்டுக்குள்ளேயே பரணுக்கு அடியில் தொங்கவிடுவோம். கீழே விறகை மூட்டி, எரியவிடாமல் புகையவிடுவோம். புகை பட்டால்தான் தோல் இறுகும், பூச்சி அண்டாது, அடுத்த நடவு வரைக்கும் விதைப்பூண்டு கெடாமல் கிடக்கும். வெளியே மஞ்சுமூட்டமும் மழையும் நசநசவென்று இருக்கிற ஊரில் வேறு என்ன செய்வது? வாரக்கணக்கில் வீடே புகைந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகளின் சட்டையில் அந்த வாடை, என் சேலையில் அந்த வாடை, பேருந்தில் ஏறினால் எல்லாப் பயணிகள்மேலும் அதே வாடை.

அந்த நாட்களில் ஊரே இருமும். அதற்கு எங்களிடம் பேரே உண்டு, பூண்டு இருமல். அதற்காக யாரும் டாக்டரிடம் போனதில்லை. மிளகுக் கசாயம் வைப்பார்கள், தைலத்தை நெஞ்சில் தேய்ப்பார்கள், பூண்டு லாரி ஏறி வடுகபட்டிச் சந்தைக்குப் போனால் இருமலும் கூடவே போய்விடும். பொண்ணு பார்க்க வந்தவர்கள் இருமினால்கூட, "மாப்ள வீட்ல இந்த வருசம் நல்ல வெளச்சல் போல" என்று கேலி பேசுகிற ஊர்.

அதனால் நான் இருமத் தொடங்கியபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஊரோடு சேர்ந்து இருமினேன். இத்தனை மாதம் ஆஸ்பத்திரியில் தனியாகச் சீரழிந்துவிட்டு, எல்லாருக்கும் வருவது எனக்கும் வருகிறதே என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஆனால் என் இருமல் வேறு மாதிரி இருந்தது. பூண்டு இருமலில் கரிச் சளி வரும், தொண்டை அரிக்கும். எனக்குச் சளியே இல்லை. மூச்சை ஆழமாக இழுத்தால் போதும், பாதியிலேயே யாரோ கையை வைத்துத் தடுக்கிற மாதிரி நின்றுவிடும். அங்கிருந்து இருமல் கிளம்பும். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது வரியின் நடுவே நிற்பேன், பிள்ளைகள் மீதியைச் சொல்லிக்கொண்டே போகும். பள்ளிக்கூடத்திலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் நின்று நின்று ஏறினேன். சாயங்காலமானால் லேசாக உடம்பு சுட்டது.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. இதை எழுதிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். என் இருமலைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பேசாமல் கொள்ளாமல் போய் நெருப்பை அமர்த்தினார். புகை போடாத பூண்டு மஞ்சில் நமத்துப்போகும் என்று தெரிந்தே செய்தார். அந்த விதைப்பூண்டு அவர் பல வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்த வர்க்கம். நான் தடுத்தேன்.

"நீ மூச்சு விட்டாப் போதும். பூண்டு கெடக்கு" என்றார்.

புகை நின்றது. வீடு முழுக்கத் துடைத்தோம். ஜன்னல்களைத் திறந்து போட்டோம். இருமல் நிற்கவில்லை. பரணுக்கு அடியில் தொங்கிய கட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. பற்களை அமுக்கினால் விரல் உள்ளே போனது. அதை வெளியே அள்ளிக் கொட்டிவிட்டு வந்த அன்றைக்கு, நான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன்.

"அதான் புகைய நிப்பாட்டியாச்சே. இன்னமும் என்ன?" என்றார்.

அவர் அதை வெறுப்பில் சொல்லவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார். ஆனாலும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். அந்தக் கேள்விக்குப் பதில் மதுரையில் இருந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் எனக்குச் சோப்பைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் இங்கே ஒருவரையொருவர் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தோம்.

கொடைக்கானலுக்குப் போனேன். டவுனில் வெகு நாளாக வைத்தியம் பார்க்கிற டாக்டர். உட்காரும்போதே கேட்டார்.

"எந்த ஊரு டீச்சர்?"

"கிளாவரை."

"பூண்டு சீசன்ல்ல. அங்க இருந்து வர்றவங்க எல்லாருக்கும் இதேதான். லங்ஸ்ல புகை எறங்கியிருக்கு."

"புகை இல்ல சார். நிப்பாட்டி ரொம்ப நாளாச்சு. எனக்கு மார்புல கேன்சர் ஆப்பரேசன் ஆச்சு. கரண்டும் வச்சாங்க."

"அது முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு."

"அப்புறம் என்ன, அதப் பத்தி வொரி பண்ணாதீங்க" என்று சொல்லி, மருந்தும் உறிஞ்சுகிற பம்பும் எழுதிக் கொடுத்தார். முடிந்தது என்று என் வாயாலேயே சொன்னேன். எனக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கரண்டு வைத்து முடித்த பிறகும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் டாக்டர், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கேட்டால் இதையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்பார். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் உள்ளூர் டாக்டர் பார்த்திருக்க வேண்டும் என்பார்கள். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவள் நான்.

மருந்து கேட்கவில்லை. மறுபடி போனபோது எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. டாக்டரின் முகம் மாறியது. டிபியாக இருக்கலாம் என்றார். சளிப் பரிசோதனைக்கு எழுதினார். வராத சளியை எங்கிருந்து கொடுப்பது? காறிக் காறித் தொண்டை புண்ணாகி, எச்சிலைத்தான் கொடுத்தேன். கிருமி இல்லை என்று வந்தது.

"இருந்தாலும் ஆரம்பிச்சிரலாம் டீச்சர். சில பேருக்குச் சளியில தெரியாது. ஆறு மாசக் கோர்ஸ்" என்றார்.

மாத்திரை கைக்கு வருவதற்கு முன்னால் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் போன் போட்டு, பிள்ளைகள் நடமாடுகிற இடம், கொஞ்ச நாள் லீவு போடுங்களேன் என்றார். அவர் குரலில் இருந்த கனிவைக் கேட்டபோது போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. வீட்டுக்காரர் எனக்கென்று ஒரு தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். நான் பார்க்காத நேரம் பார்த்துத்தான் வைத்தார். நான் பார்த்தேன். அந்தத் தம்ளரை எடுத்துப்போய் அவர் கண் முன்னால் மற்றதுகளோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

எனக்கு உள்ளூர இருந்த பயம் வேறு. கட்டிதான் நுரையீரலுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சியும் பழனியில் உட்கார்ந்துகொண்டு அதையேதான் நினைத்திருக்கிறாள். போனில் மாத்திரை விஷயத்தைச் சொல்லும்போது நான் இருமினேன். இருமி முடித்ததும் அவள் சொன்னாள்.

"அக்கா, மாத்திரையத் தொடாத. கரண்டு வச்ச எடத்துல காட்டிக் கேட்டுட்டு அப்புறம் முழுங்கு. நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறு. நான் வத்தலக்குண்டு வந்து நிக்கிறேன்."

"கடை?"

"கடை கெடக்கு. நீ வெரசா வா."

மதுரையில் வேறொரு டாக்டர் இருந்தார். சின்ன வயசு. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். அப்புறம் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அந்த வெள்ளைத் திட்டின் ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"இந்த ஓரத்தப் பாத்தீங்களா, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. கிருமியா இருந்தாலும் கேன்சரா இருந்தாலும் இப்படி நேர்கோட்டுல வளராதும்மா. இது கரண்டு போன பாதை. கரண்டால நுரையீரல் வெந்து வீங்கியிருக்கு."

அவ்வளவுதான். அவர் விரல் இழுத்த நேரம்தான் ஆனது. மாதக்கணக்காக நான் பட்டது, அழுகின விதைப்பூண்டு, தனித் தம்ளர், கட்டிதான் வந்துவிட்டது என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, எல்லாவற்றுக்கும் பதில் அந்த நேர்கோட்டில் இருந்தது. தங்கச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், சந்தோஷத்தில். கேன்சர் இல்லை என்பதில் எனக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது வந்து உட்காருவதற்குள் டாக்டர் அடுத்ததைக் கேட்டார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க? முன்னாடியே வந்திருந்தா ஸ்டீராய்டு குடுத்து நல்லாவே அடக்கியிருக்கலாம். இப்ப கொஞ்ச எடம் தழும்பாயிருச்சு. அது திரும்பாது."

அப்போது எனக்கு வந்த கோபத்தை இந்தப் பக்கத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"இருமல் வந்தா வரணும்னு யாரு சார் எங்கிட்டச் சொன்னா?"

அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "எல்லாருக்கும் இது வர்றதில்லம்மா. முன்கூட்டியே சொன்னா சில பேரு பயந்துகிட்டுக் கரண்டே வேணாம்னு ஊருக்கு ஓடிருறாங்க. அப்படி ஓடிக் கட்டி திரும்ப வந்தவங்களையும் நாங்கதான் பாக்குறோம்."

அவர் சொன்னது பொய் இல்லை. ஓடியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரிலேயே உண்டு. ஆனால் யாரோ ஓடுவார்கள் என்பதற்காக என்னிடம் எதற்கு வாயை மூடிக்கொண்டார்கள்? மாரை அறுக்கிறோம் என்றபோது ஓடாதவள், முடி கொட்டும் என்றபோது ஓடாதவள், இருமல் வரலாம் என்று சொன்னால் ஓடியிருப்பேனா? என் பயத்தை எனக்குப் பதிலாக இவர்களே பயந்து முடித்துவிட்டார்கள். தழும்பு மட்டும் என் நெஞ்சில்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அந்த ஆராய்ச்சிப் பெண்ணைத் தேடிப் போனேன். தங்கச்சி, வேண்டாம்க்கா, சண்டை போடாத என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து எழுந்தாள். நான் உட்காரவில்லை.

"என் ரத்தத்துல என்ன தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"இன்னும் பாக்கலம்மா. எல்லாரோட ரத்தமும் சேரணும். சேந்ததும் மொத்தமா ஒரே சமயத்துல மிஷின்ல போடுவோம். தனித்தனியாப் போட்டா ஒரு நாளைக்கும் இன்னொரு நாளைக்கும் அளவு மாறிப்போகும்."

"அப்ப போட்டதும் எனக்குச் சொல்லுவீங்களா?"

"தனித்தனியாச் சொல்ல மாட்டோம்மா. இது இன்னும் நிச்சயமான பரிசோதன கெடையாது. நூறு பேரோடத ஒண்ணா வச்சுப் பாத்தா ஒரு போக்கு தெரியலாம். ஒருத்தர எடுத்து, இவங்களுக்கு வரும், இவங்களுக்கு வராதுன்னு சொல்ற அளவுக்கு யாருக்கும் தெரியாது. தப்பாச் சொல்லிட்டா அதுவும் பாவம்தானே."

நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒரு பிள்ளையின் மார்க்கை வைத்துப் பள்ளிக்கூடத்தையே எடை போட முடியாது. அதே மாதிரி பள்ளிக்கூடத்தின் சராசரியை வைத்து ஒரு பிள்ளையைச் சொல்லிவிடவும் முடியாது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் பிடித்து உலுக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. ரத்தத்தில் அடையாளம் தேட ஆள் இருக்கிறது, மிஷின் இருக்கிறது, உறைபெட்டி இருக்கிறது. கரண்டு முடித்துப் போனவள் இருமுகிறாளா என்று ஒரு போன் போட்டுக் கேட்க ஆள் இல்லை.

பேச்சோடு பேச்சாகப் பூண்டுப் புகையைச் சொன்னேன். எல்லாரும் அதுதான் என்றார்கள் என்று. அவள் நிமிர்ந்தாள்.

"வீட்டுக்குள்ளயே புகை போடுவீங்களா? வாரக்கணக்கிலயா? நீங்க இத எங்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா."

"நீ கேக்கவே இல்லையே."

பீடி கேட்டாள், சிகரெட் கேட்டாள், அடுப்பைக் கேட்டாள். பூண்டைக் கேட்க வேண்டும் என்று மதுரையில் யாருக்குத் தோன்றும்? நான் கரண்டுக்கு வருவதற்கு முந்தைய அறுவடையின் புகையும் அந்தக் குழாய்களில் என் ரத்தத்தோடு உறைந்துபோய் இருக்கலாம். எது கரண்டு பண்ணியது, எது பூண்டு பண்ணியது என்று பிரிக்க அவளுக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் புகையை மட்டும் பார்த்தார்கள், இவள் ஒருத்தி புகையையே பார்க்கவில்லை. பிறகு அவள் தயங்கித் தயங்கி, இப்போது கொஞ்சம் ரத்தம் தர முடியுமா, நோய் வந்தவர்களுடைய ரத்தம்தான் எங்களுக்கு ரொம்ப முக்கியம் என்றாள்.

தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை. "எங்கக்கா செத்துப் பொழச்சு வந்திருக்கா, ஒங்களுக்கு ரத்தம் கேக்குதா?" என்று கத்தினாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த தடவை தருகிறேன் என்று சொல்லித் தங்கச்சியை இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டீராய்டு மாத்திரை கேட்டது. கொஞ்ச நாளிலேயே இருமல் தணிந்தது. சட்டென்று நிறுத்தினால் மறுபடி கிளம்பிவிடும் என்று சொல்லி, இந்த முறை எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்கள். முகம் பூரி மாதிரி உப்பியது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், "டீச்சர், நல்லாப் பூசினாப்ல இருக்கீங்க. ஒடம்பு தேறிருச்சு" என்று சந்தோஷப்பட்டார்கள். நான் எரிந்து விழுந்தேன். தலைமையாசிரியர் திரும்ப வரச் சொல்லி, ஒரு பொன்னாடையும் போர்த்தினார். அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். வீட்டுக்காரர் காட்டு ஓரத்தில் தகரம் போட்டு, பூண்டுப் புகைக்கென்று தனியாக ஒரு கொட்டகை கட்டியிருக்கிறார். விதைக்கு யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார், அது அவருடைய பழைய வர்க்கம் இல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

தழும்பான இடம் திரும்பவில்லை. பள்ளிக்கூட மேட்டில் இன்றும் நின்றுதான் ஏறுகிறேன். காட்டுக்கு இறங்கினால் ஏறி வர முடியாது என்பதால் இறங்குவதையே விட்டுவிட்டேன். டாக்டர், இது உங்களுடைய புது அளவு, இதற்குப் பழகிக்கொள்ளுங்கள் என்கிறார்.

சென்ற முறை மதுரைக்குப் போனபோது சொன்னபடி ரத்தம் கொடுத்தேன். அந்தப் பெண் இம்முறை ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். இப்போதெல்லாம், வீட்டில் எதற்காவது புகை போடுவீர்களா என்று எல்லாரிடமும் கேட்பதாகச் சொன்னாள். நல்லது என்றேன். "இருமலப் பத்திச் சொல்றீங்களா?" என்றேன். அதை டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும், தனக்குச் சொல்ல அனுமதி இல்லை என்றாள். பஞ்சை முழங்கை மடிப்பில் அமுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கரண்டு அறைக்கு முன்னால் அதே மாதிரி பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டியவர்கள், மடியில் பையை வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறவர்கள். எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. போய் அவர்களுக்கு முன்னால் நின்றேன்.

"நானும் இங்க கரண்டு வச்சவதான். கரண்டு நல்லது, யாரும் நிப்பாட்டாதீங்க. ஆனா முடிச்சுட்டு ஊருக்குப் போயி, ரெண்டு மூணு மாசமோ, அதுக்கு மேலயோ கழிச்சு வறட்டு இருமல் வந்துச்சுன்னா, பனின்னு சொல்லுவாங்க, தூசின்னு சொல்லுவாங்க, நம்பிட்டு உக்காராதீங்க. நேரா இங்க வந்து..."

அதற்கு மேல் வரவில்லை. ஆத்திரத்தில் மூச்சு விடாமல் பேசிவிட்டேன். முன்பெல்லாம் கோபம் வந்தால் ஒரே மூச்சில் ஒரு தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவேன். இப்போது கோபப்படுவதற்குக்கூட நின்று நின்றுதான் கோபப்பட வேண்டியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு மேலும் கீழும் போய் வந்தது. அதுவே அவர்களுக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும், ஒருத்தியும் கண்ணை எடுக்கவில்லை.

அறைக் கதவைத் திறந்து, மிஷின் ஓட்டுகிறவர் உள்ளே வரச் சொல்லி ஒரு பேரைக் கூப்பிட்டார். ஓரத்தில் இருந்த பெண் எழுந்தாள். எழுந்தவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

"இருங்க சார். அந்தக்கா சொல்லி முடிச்சுரட்டும்" என்றாள்.

கதவைப் பிடித்தபடி அவரும் நின்றார். நான் கிடைத்த மூச்சை இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.